ஊர் காப்பாளர்: பழந்தமிழ் நகர்க்காவலும் குற்றத் தடுப்பும்

முன்னுரை

நகரம் செல்வம் திரளும் இடம். ஒருவரையொருவர் அறியாத மக்கள் பலர் கூடி வாழும் இடமும் அதுவே. சிற்றூரில் புதியவன் ஒருவன் புகுந்தால் அன்று மாலைக்குள் ஊரார் அனைவரும் அறிவர். நகரிலோ புதியவரே மிகப் பலராதலின், யார் எதன்பொருட்டு வந்தார் என்பதை அறிவார் இலர். செல்வமும் அறிமுகமின்மையும் ஒருங்கே அமைந்த இடத்தில் களவு தோன்றுதல் இயல்பு. ஆகவே நகர் வளர வளர நகர்க்காவலும் உடன் வளர்ந்தது.

காவலர் தொகை மிகுந்தால் குற்றம் குறையும் என்றும், தண்டம் கடுமையானால் கள்வர் அஞ்சுவர் என்றும் பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்துள் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், பழந்தமிழ் நூல்கள் இதனினும் நுட்பமான ஒரு கருத்தைக் கொண்டுள்ளன என்பது எம் துணிபு. குற்றத்தைக் குறைப்பதில் காவலரின் படைக்கலத்தினும் அவர்தம் தேர்ச்சியே தலைமையானது. தேர்ச்சி நீங்கிய காவல் குற்றத்தைக் குறையாததோடு நில்லாது, தானே குற்றமாகவும் முடியும். மதுரை மாநகரின் காவலைப் பற்றிய இரண்டு பகுதிகளை, ஒன்றை மதுரைக்காஞ்சியினின்றும் மற்றொன்றைச் சிலப்பதிகாரத்தினின்றும் எடுத்து, அருகருகே வைத்து நோக்கி இதனை நிறுவ முயல்வோம். பின்னர்ப் புகார் நகரின் முறையையும், பாடிகாவல் முதல் இற்றைநாட் காவல்துறை வரையிலான வளர்ச்சியையும், காரைக்கால் கடற்கரையின் நிலையையும் சுருங்கக் காண்போம்.

சொல்லும் பொருளும்

காவல் என்னும் சொல்லினின்றே காவலன், காவலர் என்னும் இரண்டும் பிறந்தன. நாடாளும் வேந்தனையும், இரவில் தெருவில் உலவும் ஊழியனையும் ஒரே அடிச்சொல்லாற் குறித்தனர் நம் முன்னோர். இது தற்செயலாக அமைந்ததாயினும் ஆழ்ந்த பொருள் தருவது. தெருக்காவலன் செய்யும் முறையும் முறைகேடும் வேந்தன் செய்தனவாகவே கொள்ளப்படும் என்பது இதனாற் போதரும். கோவலன் கொலையுண்டது ஓர் ஊர் காப்பாளன் கைவாளால். அதற்கு உயிர் கொடுத்தவனோ பாண்டியன்.

வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தை அமைத்த முறையும் ஈண்டு நோக்கத் தக்கது. அவ்வதிகாரத்தின் முதற் குறள், யாரிடத்தும் கண்ணோட்டம் கொள்ளாது ஆராய்ந்து தேர்ந்து செய்வதே முறை என்கின்றது. கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைப் பயிரிடைக் களை பறித்தலோடு ஒப்பிடும் குறள் இறுதியில் நிற்கின்றது. தேர்தல் தொடக்கம், ஒறுத்தல் முடிவு. இடையில் எட்டுக் குறள்கள் உள்ளன. தொடக்கத்தை விட்டு முடிவுக்குத் தாவும் காவல் முறையன்று என்பது இவ்வைப்பு முறையாலும் பெறப்படும்.

அகநானூற்றின் 122ஆம் பாட்டில் பரணர் ஊர்க்காவலரை வேறொரு நிலையிற் காட்டுகின்றார். இரவுக்குறி வரும் தலைவனுக்கு நேரும் இடையூறுகளைத் தலைவி அடுக்குமிடத்து, அன்னையின் விழிப்போடும் நாயின் குரைப்போடும், கண்ணுறக்கம் கொள்ளாது விரைந்து திரியும் காவலரும் எண்ணப்படுகின்றனர். காதலர்க்கு இடையூறாகும் அளவுக்கு அக்காவல் நாள்தோறும் தவறாது நடந்தது என்று யாம் உய்த்துணரலாம்.

மதுரைக்காஞ்சி காட்டும் காவல்

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளால் இயன்றது. நாளங்காடியும் அல்லங்காடியும் நிறைந்த மதுரையின் ஒரு நாள் முழுவதும் அதன்கண் விரிகின்றது. இரவின் யாமங்கள் ஒவ்வொன்றாகக் கழிய, ஆரவாரம் அடங்கிய நள்ளிரவில் கள்வரும் அவரைத் தேடும் ஊர் காப்பாளரும் காட்சியில் வருகின்றனர்.

புலவர் முதலிற் கள்வரை வருணிக்கின்றார். இருளோடு ஒன்றும் நிறத்து ஆடை, காலிற் செருப்பு, இடையில் வாள், சுவரையும் நிலத்தையும் அகழும் உளி, உயரம் ஏறுதற்கு நூலேணி ஆகியவை அவர்தம் கருவிகள். இவர் வறுமையால் ஒருநாள் கைநீட்டியவர் அல்லர். களவையே தொழிலாகப் பயின்றவர். எனவே அவரைத் தடுப்போரும் பயின்றவராதல் வேண்டும்.

அடுத்து வருவது காவலர் இயல்பு. யானையைப் பார்த்திருக்கும் புலி போல அவர் கள்வரின் பதுங்கிடத்தை ஒற்றி அறிகின்றனர். உறங்காமையும் அஞ்சாமையும் உடையர், வில்லும் வல்லர். இவற்றோடு, நூல் காட்டிய வழியினின்றும் பிழையாத நுண்ணிய தேர்ச்சி உடையவர் என்றும், அறிந்தோரால் புகழப்பட்டவர் என்றும் புலவர் கூறுகின்றார். தெருவில் வெள்ளம் பெருகி ஓடுமாறு மழை கொட்டும் நள்ளிரவிலும் அவர் சோர்வின்றி எழுந்து திரிவர் என்பது முடிவு.

இப்பகுதியில் மூன்று கூறுகளைப் பிரித்துணர்தல் வேண்டும். முதலாவது, அவர் தெருவெல்லாம் ஒரே அளவில் சுற்றுவார் அல்லர். பதுங்கும் இடங்களை முன்னரே ஒற்றி வைத்துள்ளனர். இரண்டாவது, கள்வர்க்கு வாய்ப்பான நேரத்தையே தமக்கும் உரிய நேரமாகக் கொள்கின்றனர். மழை இரவு என்று புலவர் விதந்து கூறியது இதுபற்றியே. மூன்றாவது, அவர்தம் வீரத்துக்குப் புகழ் தருவோர் அத்தொழிலின் நுட்பம் அறிந்தோர். கற்றலும் ஒற்றலும் காலம் அறிதலும் கூடிய இடத்தே வில்லுக்கு வேலை குறையும். இப்பகுதியில் ஒரு கள்வனும் கொல்லப்படவில்லை என்பதையும் கருதுக.

இக்கருத்து இக்காலத்து ஆய்வோடு ஒருபுடை ஒத்து நிற்றல் வியப்புக்குரியது. அமெரிக்க நாட்டுக் கேன்சசு நகரில் 1972-73ஆம் ஆண்டுகளில் ஒரு தேர்வாய்வு நிகழ்ந்தது. நகரின் ஒரு பகுதியிலுள்ள 15 சுற்றுவட்டங்களை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றில் வழக்கமான ஊர்திச் சுற்றினை நிறுத்தினர். ஒன்றில் வழக்கம்போல் விட்டனர். மற்றொன்றில் இரண்டு மூன்று மடங்காக்கினர். குற்றத்தின் அளவில் குறிக்கத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே நாட்டு மினியாபொலிசு நகரில் 1988-89இல் நடந்த மற்றோர் ஆய்வில், குற்றம் மிகுதியாக நிகழும் சிற்றிடங்களைத் தேர்ந்து அவற்றிற் காவலரை நிறுத்தியபோது, சிறிய அளவிலேனும் குறைவு ஏற்பட்டது. வெறுஞ்சுற்றினும் இடமறிந்த காவல் பயன் தருவது என்பது இவற்றின் சாரம். மதுரைப் புலவர் ஆய்வு முறையறிந்து கூறினார் என்பது எம் கருத்தன்று. தம் நகரின் நற்காவலைக் கூர்ந்து கண்டு கூறினார் என்பதே எம் கருத்து.

சிலப்பதிகாரம் காட்டும் காவல்

இனிக் கொலைக்களக் காதைக்கு வருவோம். நகரம் அதே மதுரை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன் கைச்சிலம்பைக் கண்டதும் தன் பழியை அவன்மேல் ஏற்றத் துணிகின்றான். அரசன் ஆராயாது, கள்வன் கையில் அச்சிலம்பு இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்று ஊர் காப்பாளரை ஏவுகின்றான்.

கோவலனைக் கண்ட காவலர் உடனே வாளோச்சினார் அல்லர். தோற்றமும் இயல்பும் நோக்கி, இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என்று ஐயுற்றனர். பழைய தேர்ச்சியின் எச்சம் அவ்வையத்தில் உள்ளது. அவ்வையத்தைத் தீர்ப்பவன் பொற்கொல்லன். மந்திரமும் மருந்தும், காலமும் இடமும், நிமித்தமும் கருவியும் எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு உள என்று அவன் களவு நூலை எடுத்தோதுகின்றான். தூதுவன் கோலத்தில் வாயிலில் இருந்து, பெண் கோலத்தில் உட்புகுந்து, உறங்கும் இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கள்வன் ஒருவனின் கதையையும் கூறுகின்றான். மதுரைக்காஞ்சியில் நூல் காவலர் கையில் இருந்தது. இங்கே அது குற்றஞ்சாட்டுவோன் நாவில் இருக்கின்றது. உண்மைக் கள்வனே காவலர்க்குக் களவு நூல் கற்பிக்கின்றான் என்னும் இந்நிலை இளங்கோவடிகள் தீட்டிய கொடுமைகளுட் தலையாயது.

அடுத்து ஒரு காவலன் தன் பட்டறிவைக் கூறுகின்றான். மழை பெய்த நள்ளிரவில் நீல ஆடையும் உளியும் உடைய கள்வன் ஒருவன் எதிர்ப்பட, தான் வாளை உருவுமுன் அவன் அதனைப் பற்றிச் சென்று மறைந்தான் என்கின்றான். மழை, நள்ளிரவு, நீல ஆடை, உளி என இவை அனைத்தும் மதுரைக்காஞ்சியிற் கண்டவையே. ஆயினும் முடிவு தலைகீழ். அங்கே மழை இரவு காவலரின் திறமைக்குச் சான்று. இங்கே அவர்தம் தோல்வியின் நினைவு. அத்தோல்வியோடு அரசன் தண்டிப்பான் என்னும் அச்சமும் சேர, செய்வது யாது என்று அவர் தம்முள் வினவிக்கொள்கின்றனர். அப்போது கல்லாத குடியன் ஒருவன் வாளெறிய, கோவலன் வீழ்கின்றான்.

வாளெறிந்தவனைக் கல்லாதவன் என்று அடிகள் குறித்தமை வாளா கூறியதன்று. நூல் பிழையாத தேர்ச்சி ஒரு நூலில்; கல்லாமை மற்றொன்றில். முன்னைய நூல் நற்காவலின் இலக்கணம். பின்னைய நூல் அதன் எதிர்மறை எடுத்துக்காட்டு. இவ்விரண்டையும் உடன்வைத்து நோக்குவார்க்குக் கோவலன் கொலை ஊழால் மட்டும் நிகழ்ந்ததாகத் தோன்றாது. ஆராயாத ஆணை, தோல்வியின் நாணம், மேலோர் சினத்துக்கு அஞ்சுதல், குற்றஞ்சாட்டுவோன் சொல்லையே சான்றாகக் கொள்ளுதல், கள் மயக்கம் ஆகிய ஐந்தும் கூடியவழி எந்நகரிலும் எக்காலத்திலும் இது நிகழும். காவலர் பலர் நின்றிருக்க, ஒருவனேனும் அக்கையைத் தடுத்திலன். விளைவாக நிகழ்ந்தது குற்றத் தடுப்பன்று. உண்மைக் கள்வன் அந்நேரத்திற்குத் தப்பினான், குற்றமற்றவன் மாண்டான், நகரம் எரிந்தது.

புகார் நகரின் ஐந்து மன்றங்கள்

காரைக்காலுக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே கடற்கரையில் உள்ள ஊர் திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடல் பெற்ற தலம். அதன் வடக்கே அதே கரையில் அமைந்தது காவிரிப்பூம்பட்டினம். கடல் வாணிகத்தால் வேற்று நாட்டாரும் கலந்து உறைந்த அப்பெருந்துறையில் காவல் எங்ஙனம் அமைந்தது என்பதை இந்திரவிழவூரெடுத்த காதை ஐந்து மன்றங்களின் வாயிலாக உணர்த்துகின்றது.

அவற்றுள் முதலாவது வெள்ளிடை மன்றம். புதியராக வந்த வணிகர் தம் பெயரும் அளவும் பொறித்த பொதிகளை அங்கே அடுக்கி வைப்பர். வாயிலும் இல்லை, தாழும் இல்லை, காப்போரும் இலர். யாரேனும் ஒரு பொதியைக் கவர்ந்தால், அச்சுமையைத் தலையில் ஏற்றிச் சுற்றித் திரியச் செய்யும் ஆற்றல் அம்மன்றத்துக்கு உண்டு என்பர். நான்காவது பூதசதுக்கம், பொய்த்தவம் புரிவார், பொய்க்கரி கூறுவார், பிறன்மனை நயப்பார் முதலியோரைப் பாசத்தாற் பிணித்து உண்ணும் பூதம் அங்கே உள்ளது.

தெய்வ நம்பிக்கையாக மட்டும் இவற்றைக் கொண்டு ஒதுக்குதல் பொருந்தாது. பெயர் பொறித்த பொதி என்பது களவுப் பொருளை அடையாளம் காட்டும் வழி. சுமையோடு பலர்முன் சுற்றுதல் என்பது உடலை ஊறுபடுத்தாது நாணத்தால் திருத்தும் தண்டம். களவைக் கடினமாக்குதல், களவாடியவனை ஊரறியச் செய்தல் என்னும் இரண்டு தடுப்பு முறைகளை இக்கதை உள்ளடக்கியுள்ளது.

இறுதி மன்றம் பாவை மன்றம். அரசன் செங்கோல் வளைந்தாலும், அறங்கூறவையம் ஒருபால் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை வாய் திறவாது கண்ணீர் உகுக்கும். பொதி காக்கும் மன்றத்தில் தொடங்கிய வரிசை, காவலனையே கண்காணிக்கும் மன்றத்தில் முடிகின்றது. பாவை அழுதற்கு வாய்ப்பான ஓரிடம் நகரமைப்பிலேயே இருத்தல் வேண்டும் என்பது புகாரின் பாடம். மதுரையில் அத்தகைய பாவை கூறப்படவில்லை; கண்ணகியே வந்து நின்று அழ வேண்டியதாயிற்று.

பாடிகாவல் முதல் காவல்துறை வரை

பிற்காலச் சோழ, பாண்டியர் கல்வெட்டுக்களிற் பாடிகாவல் என்னும் சொல் பயின்று வருகின்றது. ஊரையும் விளைச்சலையும் காத்தற்குப் பெறும் ஊதியமும் அப்பெயராலேயே வழங்கிற்று. புதுக்கோட்டைப் பகுதியிற் சில ஊரவையினர் தம் பாடிகாவல் உரிமையை வலிமை மிக்க தலைவர்க்கு விற்றுக் கொடுத்தமை கல்வெட்டுக்களால் தெரிகின்றது. காவல் கடமையாக இருந்த நிலை மாறி, வாங்கி விற்கும் உரிமைப் பொருளாயிற்று.

ஆங்கிலேயர் சென்னையில் ஊன்றிய 17ஆம் நூற்றாண்டில் நகர்க்காவல் பெத்தநாயக்கர் என்னும் வழிவழிக் காவல் தலைவரிடம் இருந்தது; பெத்தநாயக்கன் பேட்டை அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவர் தம் ஆட்களாகிய தலையாரிகளைக் கொண்டு நகரைக் காத்தார். களவு போன பொருளுக்கு ஈடு செய்யும் பொறுப்பும் அவரதே. ஈடு செய்யும் முறை காவலனை விழிப்புடையனாக்கும் என்பது உண்மை. ஆனால் அம்முறைக்கு மறுபுறமும் உண்டு. தென் மாவட்டங்களிற் காவல் உரிமையுடையோர் சிலர் கள்வரோடு உடன்பட்டு, களவு போன மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி பெற்றனர். பயனை மட்டும் அளந்து வழியை அளவாத இடத்தே காவலும் களவும் கைகோத்துக்கொள்ளும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இலண்டன் மாநகரக் காவற்படை 1829இல் அமைந்தபோது, குற்றம் நிகழாமல் தடுப்பதே அதன் முதற்கடமை என்று அறிவிக்கப்பட்டது. சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கு 1856இலும், சென்னை மாகாணத்தின் மாவட்டங்களுக்கு 1859இலும் காவற் சட்டங்கள் வந்தன. 1861ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர்ப் பெரும்பகுதி இந்தியாவுக்கும் அடிப்படையாயிற்று. கைரேகைக்கென ஒரு நிலையம் 1897இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டமை, நூல்வழித் தேர்ச்சி மீண்டும் காவலர் கைக்கு வந்ததன் அறிகுறி எனலாம். தோற்றத்தையும் பிறர் சொல்லையும் கொண்டு ஐயுறுதலினும், பொருட்சான்று கொண்டு தெளிதல் மேலானதன்றோ?

காரைக்கால் கடற்கரையும் எல்லையும்

திருவேட்டக்குடியைச் சூழ்ந்த கடற்கரை காவலின் மற்றொரு சிக்கலைக் காட்டுகின்றது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் கையில் இருந்தது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வயமாயிற்று. நாகப்பட்டினம் ஒல்லாந்தர்க்குப்பின் 1781இல் ஆங்கிலேயரை அடைந்தது. ஒரு பகல் நடைக்குள் மூன்று ஆட்சிகள், மூன்று சட்டங்கள், மூன்று காவல்கள்! ஓர் ஆட்சியின் காவலனுக்கு அஞ்சுவோன் அடுத்த எல்லையைக் கடந்தால் போதும். 1908இல் பாரதியாரும், 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் பிரெஞ்சுப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்ததும் இவ்வெல்லையின் பயனாலேயே. எல்லை கள்வனுக்கும் உதவும். முறையற்ற ஆட்சிக்கு அஞ்சிய நல்லோர்க்கும் உதவும்.

1954 நவம்பர் 1இல் காரைக்கால் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1962 ஆகத்து 16இல் அஃது உரிமைப்படியும் இணைந்தது. இன்று புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதியைச் சார்ந்த காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்களால் நிலப்புறத்தே சூழப்பட்டுள்ளது. இரண்டு காவல்துறைகளின் எல்லை இங்கே சந்திக்கின்றது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றம் எங்கு நிகழ்ந்ததாயினும் அதுபற்றிய முறையீட்டை எந்நிலையத்தும் ஏற்றல் வேண்டும் என்று வகுத்துள்ளது. தரங்கம்பாடிச் சந்தையிற் பொருள் இழந்த திருவேட்டக்குடியார் தம் வட்டாரத்து நிலையத்திலேயே முறையிடலாம். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டம் பெறும் குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழிடம் சென்று சான்று திரட்டும் முறையையும் அச்சட்டம் கொண்டுள்ளது. இவை ஏட்டில் நின்றுவிடாது நிகழ்வனவாயின், நூல் பிழையாத் தேர்ச்சி என்று மருதனார் கூறியது நம் காலத்துக்கேற்ற உருவம் பெறும்.

பாவை மன்றமும் நமக்கு வேண்டும். 1996 திசம்பர் 18இல் டி. கே. பாசு வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கைது செய்யும் காவலர் தம் பெயர் விளங்க அணிதல் வேண்டும். கைதுக் குறிப்பிற் சான்று பெறுதல் வேண்டும். உறவினர்க்கு அறிவித்தல் வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் காணுதல் வேண்டும் என்று விதித்தது. 2006 செப்டம்பர் 22இல் பிரகாசு சிங் வழக்கில், புலனாய்வையும் அமைதிக் காவலையும் பிரித்தல், காவலர்மீதான முறையீட்டை விசாரிக்கத் தனி ஆணையம் அமைத்தல் ஆகியவை பணிக்கப்பட்டன. இவ்விதிகள் இருந்தும், 2020 சூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் காவலர் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதுவரை விதிகள் ஏட்டிலும், துயரம் வீட்டிலும் இருந்தன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். காவலர் குற்றத்தைக் குறைக்க வல்லவர். ஆனால் இடமும் காலமும் அறிந்து, சான்று கொண்டு தெளிந்து இயங்கும்போதே அவ்வன்மை உண்டு. பயனுக்கு விரையும் அரசும், மேலோர்க்கு அஞ்சும் காவலரும், சாட்டியவன் சொல்லை நம்பும் பழக்கமும் கூடினால் காவலே கொலையாகும். காவலரைக் கண்காணிக்கும் அமைப்பு காவலுக்குப் பகையன்று. அதுவும் காவலின் ஓர் உறுப்பே.

குற்றமற்றவன் ஒருவன் காவலர் கையில் மாண்ட நகரில், கண்டதைக் கூறச் சான்றாளர் வாரார். இழந்ததை முறையிட மக்கள் அஞ்சுவர். கள்வன் ஒருவனே துணிவு பெறுவான். ஆதலின் தேர்ச்சியும் அறமும் குற்றத் தடுப்பின் புற அணிகள் அல்ல. அவையே அதன் கருவிகள். ஊர் காப்பாளர் என்னும் பழம்பெயரில் ஊர் முதலிலும் காத்தல் அடுத்தும் நிற்கின்றன. ஊரார் நம்பி உறங்கும்படி விழித்திருப்பவனுக்கே அப்பெயர் பொருந்தும்.